நாயுடன் வெளியூர் பயணமா? ஹோட்டல் அறையை இப்படித் தேடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், பலரும் முதலில் பழகிக் கொள்வது ரயில் டிக்கெட் முன்பதிவும் மின் கட்டணம் செலுத்துவதும்தான். அடுத்த கட்டம், வெளியூரில் தங்க ஹோட்டல் அறை பிடிப்பது. இதிலும் பெரிய சிரமம் இல்லை. ஊர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்தால் வரிசையாக அறைகள் திரையில் வந்து நிற்கும். ஆனால் உங்களுடன் வருபவருக்கு நான்கு கால்களும் ஒரு வாலும் இருந்தால் கதை வேறு.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறான். வயது 9. எடை 18 கிலோ. நாங்கள் ஊருக்குப் போய்விட்டால், யார் சோறு வைத்தாலும் தொடாமல் வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பான். எனவே காரில் செல்லும் பயணங்களில் அவனையும் அழைத்துச் செல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. அவனுக்காக ஹோட்டல் தேடித் தேடி நான் தெரிந்து கொண்டவற்றை இங்கு தருகிறேன். சுருக்கமாகச் சொல்வதென்றால், இணைய தளங்களில் காணப்படும் “பெட்ஸ் அலவுட்” என்ற வரியை யாரும் உங்களுக்குக் கொடுத்த வாக்காக எடுத்துக் கொள்ளக் கூடாது. அந்த வாக்கை நீங்கள்தான் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு உங்கள் மேஜை மீதுள்ள கம்ப்யூட்டர் மிக நன்றாக உதவும்.

தேடும் சொற்களில் கவனம்

கூகுள் தேடல் கட்டத்தில் “டாக் ஹோட்டல்” என்று ஆங்கிலத்தில் டைப் செய்து பாருங்கள். நாயை விட்டுவிட்டு நாம் மட்டும் ஊருக்குப் போவதற்கான “போர்டிங்” நிலையங்களே பெரும்பாலும் வரும். நமக்கு வேண்டியது அதுவல்ல. எனவே “பெட் பிரெண்ட்லி ஸ்டே” அல்லது “பெட் பிரெண்ட்லி ரிசார்ட்” என்ற சொற்களுடன் ஊரின் பெயரைச் சேர்த்துத் தேடவும். சொற்களின் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி இட்டால், அந்தச் சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் மட்டுமே தேடப்படும். வேண்டாத சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறியை இடைவெளி இல்லாமல் சேர்த்தால், அந்தச் சொல் உள்ள பக்கங்கள் ஒதுக்கப்படும். “போர்டிங்” என்ற சொல்லுக்கு முன் இந்தக் குறியை அமைத்துத் தேடினால் பட்டியல் உடனே சுத்தமாகிவிடும்.

ஊரின் பெயரோடு நிற்காமல், அருகில் உள்ள ஊர்களின் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். கொடைக்கானல் நகருக்குள் கிடைக்காத வசதி, சற்றுத் தள்ளி உள்ள தோட்ட வீடுகளில் கிடைக்கலாம். நாய்க்கு ஓடியாட இடமும் இருக்கும்.

பில்டரைப் பயன்படுத்துங்கள்

புக்கிங்.காம் போன்ற அறை முன்பதிவு தளங்களில் தேடல் முடிவுகளின் ஓரமாக நீண்ட பட்டியல் ஒன்று இருக்கும். இதனை பில்டர் என்கிறார்கள். அரிசியைச் சலித்துக் கல்லை நீக்குவது போல, வேண்டாதவற்றை இது நீக்கித் தருகிறது. இதில் “பெட்ஸ் அலவுட்” என்ற வரியின் அருகே உள்ள சிறு கட்டத்தில் கிளிக் செய்திடவும். நூறு அறைகள் பத்தாகச் சுருங்கும். ஏர்பிஎன்பி தளத்தில் தங்குபவர்களின் எண்ணிக்கையைக் கொடுக்கும் இடத்திலேயே பெரியவர், குழந்தை என்பவற்றின் கீழே “பெட்ஸ்” என்ற வரியும் உண்டு. அங்கே ஒன்று என அமைத்துவிட்டுத் தேடலாம்.

பலர் இத்துடன் நிறுத்திக் கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் அவ்வாறு செய்திட வேண்டாம். ஹோட்டலின் பக்கத்தைத் திறந்து, கீழே “ஹவுஸ் ரூல்ஸ்” என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பக்கம் மிக நீளமாக இருந்தால் கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் “பெட்” என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். அந்தச் சொல் உள்ள இடங்கள் எல்லாம் வண்ணத்தில் ஒளிரும். வேண்டுகோளின் பேரில் அனுமதி உண்டு என்று ஓரிடத்தில் இருக்கலாம்; கட்டணம் வசூலிக்கப்படலாம் என்று இன்னோரிடத்தில் இருக்கலாம். இரண்டுமே கேள்வியை முடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுகோளை யார் ஏற்பது? கட்டணம் எவ்வளவு?

முன்பதிவுப் படிவத்தில் “ஸ்பெஷல் ரிக்வெஸ்ட்” என்று ஒரு கட்டம் கிடைக்கும். அதில் நாய் வருகிறது என்று எழுதிவிட்டால் போதும் என நினைப்போம். ஆனால் அதற்கு அருகிலேயே, இந்த வேண்டுகோள் நிறைவேற்றப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்ற குறிப்பும் சிறிய எழுத்தில் இருக்கும். 

விமர்சனங்களில் தேடுங்கள்

ஹோட்டல்காரர் சொல்லாததை அங்கே தங்கியவர் சொல்லியிருப்பார். கூகுள் மேப்ஸ் தளத்தில் ஹோட்டலின் பெயரைக் கொடுத்து, “ரிவியூஸ்” பகுதியைத் திறக்கவும். அங்கே பூதக் கண்ணாடி போன்ற ஐகான் ஒன்று இருக்கும். அதில் கிளிக் செய்து “டாக்” என்று டைப் செய்தால், நாய் பற்றிப் பேசும் விமர்சனங்கள் மட்டும் தனியே வரும். விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தவும் வழி உள்ளது. இதனை அவசியம் செய்திடுங்கள். ஹோட்டல்களின் நிர்வாகமும் விதிகளும் அடிக்கடி மாறக் கூடியவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவருடைய நாய்க்குக் கிடைத்த வரவேற்பு இன்று உங்கள் நாய்க்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அங்கே தங்கியவர்கள் போட்ட படங்களையும் பாருங்கள். சுற்றுச் சுவர் இருக்கிறதா, அறை வாசல் நேராகச் சாலையில் திறக்கிறதா, படிக்கட்டு செங்குத்தாக உள்ளதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மூட்டு வலி வந்த வயதான நாய்க்கு மூன்றாவது மாடி அறை தண்டனைதான்.

மெயிலில் கேட்க வேண்டியவை

இவ்வாறு இரண்டு அல்லது மூன்று ஹோட்டல்களைத் தேர்ந்தெடுத்த பின், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசினாலும், பேசியதை மெயிலில் எழுதி, சரி என்று பதில் அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்கும் கேள்விகள் இவை.

1. எங்கள் நாயின் எடை 18 கிலோ. எடைக்கோ இனத்திற்கோ கட்டுப்பாடு உள்ளதா?

2. கட்டணம் எவ்வளவு? ஒரு நாளைக்கா, மொத்தமாகவா? திரும்பத் தரும் முன்பணம் உண்டா?

3. நாய் எங்களுடன் அறைக்குள் தங்கலாமா? அல்லது வெளியே கூண்டில்தான் இருக்க வேண்டுமா?

4. நாங்கள் சாப்பிடச் செல்லும்போது அறையில் தனியே விடலாமா? இல்லையெனில் அறைக்கே உணவு வருமா?

5. தரைத் தளத்தில் அறை கிடைக்குமா? வளாகத்தில் ஹோட்டலின் சொந்த நாய்கள் அவிழ்த்து விடப்பட்டுள்ளனவா?

மூன்றாவது கேள்வியை மலை ஊர்களுக்குச் செல்பவர்கள் மறக்கவே கூடாது. கொடைக்கானலில் காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. மலைப் பகுதிகளில் இரவில் வெளியே கட்டியிருக்கும் நாய்களைச் சிறுத்தை தூக்கிச் செல்வதும் உண்டு. “நாய்க்கு இடம் இருக்கிறது சார்” என்று அவர்கள் சொல்லும் இடம் தோட்டத்து மூலையில் உள்ள ஒரு கொட்டகை என்றால், அந்த ஹோட்டல் நமக்கு வேண்டாம்.

மெயிலுடன் நாயின் படம் ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள். செல்போனில் எடுத்த படத்தை யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து, மெயில் எழுதும் விண்டோவில் உள்ள பேப்பர் கிளிப் ஐகானில் கிளிக் செய்து இணைக்கலாம். நாட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். பெட் என்றவுடன் பலர் மனதில் தோன்றுவது லேப்ரடார் அல்லது பொமரேனியன்தான். நம் நாயைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னார்களா, பார்க்காமலே சொன்னார்களா என்பதில் பெரிய வேறுபாடு உள்ளது.

ஒரு காகிதம் செய்த வேலை

இதனை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் அனுபவம். 2024 டிசம்பரில் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் மூன்று நாட்களுக்கு அறை எடுத்திருந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. நல்ல குளிர். ரிசப்ஷனில் இருந்த இளைஞர் மணியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், நாயை உள்ளே விட முடியாது. பெட்னு போட்டிருந்ததால ஏதோ சின்ன நாய்னு நெனச்சோம். இது தெரு நாய் மாதிரி இருக்கே. வேணும்னா வாட்ச்மேன் ஷெட்ல கட்டிக்குங்க” என்றார்.

நான் பையிலிருந்து பிரிண்ட் எடுத்த மெயிலை எடுத்து நீட்டினேன். “தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. உங்க மேனேஜர் அனுப்பினது” என்றேன். நாட்டு நாய், 18 கிலோ, எங்களுடன் அறைக்குள், தரைத் தளம், நாளொன்றுக்கு இவ்வளவு கட்டணம் என எல்லாம் அதில் இருந்தது. கீழே மணியின் படமும் இருந்தது. அந்த இளைஞர் படத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், பின்னர் போனை எடுத்தார். மேனேஜருடன் பேசிய கால் மணி நேரத்தில் அறைச் சாவி கைக்கு வந்துவிட்டது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. முன்பதிவு செய்தவர் ஒருவர், வாசலில் இருப்பவர் வேறொருவர். நடுவில் தகவல் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால், அந்த நேரத்தில் வேறு அறை தேடி அலைய வேண்டும். அல்லது வத்தலக்குண்டு வரை இருட்டில் மலைப் பாதையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது வயது நாயை அந்தக் குளிரில் ஷெட்டில் விட வேண்டும்.

செலவைக் கணக்கிட எக்ஸெல்

நாய்க்கான கட்டணம் ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு மாதிரி. வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்திடாதீர்கள். எக்ஸெல் புரோகிராமைத் திறந்து, முதல் வரிசையில் ஹோட்டல் பெயர், அறை வாடகை, நாய்க் கட்டணம், நாட்கள், மொத்தம் எனத் தலைப்பிட்டு, ஒவ்வொரு ஹோட்டலையும் ஒரு வரிசையில் அமைக்கவும். வாடகையையும் நாய்க் கட்டணத்தையும் கூட்டி நாட்களால் பெருக்க வேண்டும். மொத்தம் என்ற செல்லில், ஆங்கில எழுத்துகளில் =(பி2+சி2)*டி2 என்று பார்முலா கொடுத்து என்டர் தட்டினால் விடை வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். முதல் ஹோட்டலில் வாடகை 3,000 ரூபாய், நாய்க்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய். மூன்று நாட்களுக்கு 10,500 ரூபாய். இரண்டாவது ஹோட்டலில் வாடகை 3,300 ரூபாய், நாய்க்குக் கட்டணம் இல்லை. மொத்தம் 9,900 ரூபாய். வாடகை அதிகமாகத் தோன்றிய ஹோட்டலில்தான் செலவு குறைவு. வரி தனி என்பதையும் நினைவில் கொள்ளவும்.

பயணத்திற்கு ஒரு போல்டர்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து “பயணம்” என்ற பெயரில் ஒரு போல்டரை உருவாக்குங்கள். இதில் சேர வேண்டியவை: ஹோட்டல் அனுப்பிய மெயில், முன்பதிவு ரசீது, நாயின் தடுப்பூசிப் பக்கம், உரிமம், நாயின் இரண்டு படங்கள்.

மெயிலைச் சேமிக்க, அதனைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்தவும். பிரிண்டர் பட்டியலில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் வழியும் இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்தால் மெயில் ஒரு பைலாகப் பதிவாகும். தாளிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், செல்போனில் சார்ஜ் தீர்ந்து போகலாம். காகிதத்திற்கு இந்தக் கவலை இல்லை.

வெறிநாய்க்கடி தடுப்பூசியை நம் நாட்டில் ஆண்டுக்கு ஒரு முறை போடுவது வழக்கம். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் கையெழுத்து ஆகியவை தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்திடவும். அடுத்த ஊசிக்கான தேதி, நீங்கள் ஹோட்டலைக் காலி செய்யும் நாளுக்குப் பின்னர் இருக்க வேண்டும். சென்னையில் வசிப்பவர்கள் மாநகராட்சியின் செல்லப் பிராணி உரிமத்திற்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். அதன் பிரதியையும் இந்தப் போல்டரில் வைத்திருங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் செல்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசின் இணைய தளத்தில் விவரங்களைக் கொடுத்து இதனைப் பெறலாம். கிளம்பும் வாரத்தில் அந்தத் தளத்திற்குச் சென்று, அப்போதுள்ள விதிகளைப் படித்து, பாஸையும் அதே போல்டரில் போட்டு வைக்கவும்.

செல்லும் ஊரில் உள்ள கால்நடை மருத்துவமனைகளை கூகுள் மேப்ஸில் தேடி, இரண்டின் முகவரியையும் போன் எண்ணையும் குறித்துக் கொள்ளுங்கள். நடுராத்திரியில் நாய் வாந்தி எடுக்கும்போது தேட உட்காருவதை விட இது நல்லது.

பணம் கட்டும் முன்

பிரபல ஹோட்டல்களின் பெயரில் போலி இணைய தளங்களை அமைத்து முன்பணத்தைச் சுருட்டும் மோசடிகள் நடக்கின்றன. தேடலில் முதலில் வந்தது என்பதற்காக ஒரு தளத்தை நம்ப வேண்டாம். முகவரிக் கட்டத்தில் பெயர் எழுத்துப் பிழையின்றி உள்ளதா எனப் பாருங்கள். “நாய்க்கு ஸ்பெஷல் ரூம், ஒரே ஒரு அறைதான் பாக்கி, உடனே இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள்” என்று யாராவது அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிடவும். தனி நபரின் பெயரில் உள்ள கணக்கிற்குப் பணம் கேட்டாலும் சந்தேகப்படுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

அறைக்குள் சில பழக்கங்கள்

அறைக்குள் நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, வீட்டிலிருந்து கொண்டு வந்த பழைய போர்வையை ஒரு மூலையில் விரிப்பது. தனக்குத் தெரிந்த வாசனை கிடைத்ததும் மணி அதில் படுத்துவிடுவான். குரைப்பதும் குறைகிறது, ஹோட்டல் படுக்கையும் தப்புகிறது. “தொந்தரவு செய்யாதீர்கள்” என்ற அட்டையைக் கதவில் தொங்கவிட்டு, அறையைச் சுத்தம் செய்ய வருபவர்களிடம் நாங்கள் இருக்கும் நேரத்தைச் சொல்லிவிடுவோம். அவர்களில் சிலருக்கு நாய் என்றால் பயம் இருக்கும். அதனை நாம் மதிக்க வேண்டும்.

ஹோட்டல் சாப்பாட்டை நாய்க்கு வைக்காதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு. வெங்காயம் சேராத சாம்பாரையும் குருமாவையும் ஹோட்டலில் எங்கே தேடுவது? வழக்கமாகச் சாப்பிடுவதையே வீட்டிலிருந்து எடுத்துச் செல்லவும்.

வழியில் சாப்பிட நிறுத்தும்போது நாயை மூடிய காருக்குள் விட்டுச் செல்லவே கூடாது. நம்மைப் போல உடல் முழுவதும் வியர்வை விட்டு நாயால் சூட்டைத் தணித்துக் கொள்ள முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே அதற்கு உள்ள முக்கிய வழி. வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். ஜன்னலைச் சிறிது இறக்கி வைப்பது இதற்குத் தீர்வாகாது. நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவராகச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

திரும்பி வந்த பின்

வீட்டிற்கு வந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த ஹோட்டலின் பக்கத்தில் ஒரு விமர்சனம் எழுதுங்கள். “நன்றாக இருந்தது” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த மாதம் தங்கினீர்கள், நாயின் இனம் என்ன, எடை எவ்வளவு, எவ்வளவு கட்டணம் வாங்கினார்கள், அறைக்குள் அனுமதித்தார்களா என்பதைக் குறிப்பிடவும். தமிழிலேயே டைப் செய்திடலாம். ஆனால் “டாக்” என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் அந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடுபவரின் கண்ணில் உங்கள் விமர்சனம் படும். ஏதோ ஓர் ஊரில், நாயை மடியில் வைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அறை தேடும் ஒருவருக்கு, ஹோட்டலின் விளம்பரத்தை விட அந்த நான்கு வரிகள் உதவும். நீங்கள் அடுத்த பயணத்திற்குத் தேடும்போது, அப்படி யாரோ எழுதி வைத்த நான்கு வரிகள் உங்களுக்கும் கிடைக்கும்.